மூடிய ஆலை, நடக்கும் நஞ்சு

ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவைக் குவித்த ஆலை மூடி ஏறத்தாழ 30 ஆண்டுகள். ஆட்கள் போய்விட்டார்கள், இயந்திரங்கள் நின்றுவிட்டன. மண்ணுக்கடியில் இறங்கிய குரோமியம் மட்டும் நிற்கவில்லை.

பாலாற்றுப் பக்கத்துக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள யாரும் ஆய்வகத்துக்கு ஓடுவதில்லை. அடுப்படியே போதும். துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மலராமல் கிடந்தால் அது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி சிக்கு விழும், பாத்திரத்தின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படியும். மாமியார் மருமகளுக்குச் சொல்லி, மருமகள் மகளுக்குச் சொல்லி வந்த சோதனைகள் இவை. பெரும்பாலும் தப்பாது.

குரோமியம் இந்தச் சோதனைகள் எதிலும் சிக்காது. பருப்பு நன்றாக வேகும். சோப்பு நுரைக்கும். வாடை இருக்காது, நாக்கில் கசப்பு தட்டாது. பாதுகாப்பான வரம்பைப்போல் சில மடங்கு கலந்திருந்தாலும் சொம்பில் எடுத்துப் பார்த்தால் தண்ணீர் பளிங்காகவே தெரியும். மாமியாரின் அறுபது வருட அடுப்படி அனுபவம் அங்கே பயன்படாது. ஆபத்தான கழிவுக் குவியலுக்குப் பக்கத்தில் வாழும் கிராமத்து மக்களின் முதல் சிக்கல் இதுதான். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதே அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்களோ அவர்களிடம் வந்து சொல்வதில்லை.

ஒரு குடத்தின் கணக்கு

ஒரு லிட்டர் குடிநீரில் 0.05 மில்லிகிராம் குரோமியம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். ஊருக்கு ஊர் நிற்கும் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 30,000 லிட்டர் பிடிக்கும் தொட்டி என்றால், தொட்டி முழுவதற்கும் சேர்த்து ஒன்றரை கிராம். கால் டீஸ்பூன் உப்பின் எடை. அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் குடிநீர் இல்லை.

இனி ராணிப்பேட்டைக்கு வருவோம். சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் குரோமியக் கழிவுக் குவியலைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரை ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வில் பதிவான உச்ச அளவு, லிட்டருக்கு 275 மில்லிகிராம். வரம்பைப்போல் 5,500 மடங்கு. அப்படிப்பட்ட தண்ணீரை 15 லிட்டர் குடத்தில் ஒரு குடம் மொண்டால், அதில் 4 கிராமுக்கு மேல் குரோமியம் இருக்கும். நல்ல தண்ணீர் நிரம்பிய இரண்டு மேல்நிலைத் தொட்டிகளைக் குடிக்கத் தகாததாக்க அந்த ஒரு குடம் போதும்.

எல்லாக் கிணற்றிலும் இந்த அளவு இருக்கிறது என்று அர்த்தமில்லை. குவியலை ஒட்டி உச்சத்தில் இருப்பது, விலக விலகக் குறைந்துகொண்டே போகும். குவியல் ஓரத்தில் தேங்கும் தண்ணீர் மஞ்சளாகத் தெரிவதால் யாரும் அதைக் குடிக்கப்போவதில்லை. தொலைவில், நிறம் தெரியாத அளவுக்குக் கரைந்த நிலையில் வந்து சேரும் தண்ணீர்தான் குடத்துக்குள் போகிறது. அங்கேதான் நம் கவலை இருக்க வேண்டும்.

மலை வளர்ந்த கதை

தோல் பதனிடக் குரோமிய உப்பு வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த வேலையைக் குரோமியம் வெகு சீக்கிரத்தில் முடித்துவிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகிலும் டேனரிகள் பெருகியபோது, அவற்றுக்கான குரோமிய ரசாயனங்களை இங்கேயே தயாரிக்க 1970-களின் நடுவில் தொடங்கப்பட்டது தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம். சுமார் 20 ஆண்டுகள் ஓடி, 1990-களின் நடுவில் மூடப்பட்டது.

குரோமைட் தாதுவை மாவாக அரைத்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வறுப்பார்கள். பாறைக்குள் சாதுவாகப் பூட்டிக் கிடக்கும் குரோமியம்-3, அந்த வெப்பத்தில் குரோமியம்-6 ஆக மாறும். பிறகு தண்ணீர் விட்டு அலசினால் மஞ்சள் கரைசலாக இறங்கும். அதுதான் சரக்கு. அலசியதில் இறங்காமல் மீந்த சக்கைதான் கழிவு. அந்தச் சக்கைக்குள்ளும் குரோமியம்-6 தங்கியிருக்கும்.

அப்படி மீந்த சக்கையை ஆலை வளாகத்திலேயே, திறந்த வெளியில், அடியில் எந்தத் தடுப்பும் இல்லாமல் குவித்தார்கள். அந்த 2011 ஆய்வின் கணக்குப்படி சுமார் ஒன்றரை லட்சம் டன். மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்துக்கு எழும்பிய மேடு. ஆலை நின்றதும் லாபம் பார்த்த கணக்கு முடிந்தது. குவியல் அங்கேயே இருந்தது.

அதன்மேல் ஒவ்வொரு பருவமழையும் பெய்கிறது. தொழிற்சாலையில் தொழிலாளி தண்ணீர் விட்டு அலசிய அதே வேலையை இப்போது மழை செய்கிறது. சக்கையில் மீந்திருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மஞ்சள் நீராக வழிந்து, ஒரு பங்கு வாய்க்காலுக்கும் ஒரு பங்கு மண்ணுக்குள்ளும் போகிறது. உற்பத்தி நின்றும் அலசல் நிற்கவில்லை.

2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில் மண்டலங்களுக்கு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் கடுமையாக மாசுபட்ட பகுதி. ராணிப்பேட்டை அடங்கிய வேலூர் - வடஆற்காடு பெற்ற மதிப்பெண் 81.79. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பக்கத்துக் கிராமத்தில் தண்ணீர் சேந்துகிறவரின் கிணற்றில் எவ்வளவு என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஆண்டுக்கு 10 மீட்டர்

குரோமியத்துக்கு இரண்டு முகம். குரோமியம்-3 எளிதில் கரையாது. மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். குரோமியம்-6 தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகும் பக்கமெல்லாம் போகும். ராணிப்பேட்டைப் பக்கம் பூமி கடினப் பாறை. மேலே சில மீட்டர் மண்ணும் உதிர்பாறையும், அதற்குக் கீழே வெடிப்பு விட்ட பாறை. நம் திறந்த கிணறுகள் நம்பியிருப்பது அந்த மேலடுக்கை. கழிவு முதலில் இறங்குவதும் அங்கேதான்.

அங்கே நிலத்தடி நீர் நகரும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் என்று கணக்கிட்டார்கள் அந்த ஹைதராபாத் விஞ்ஞானிகள். குவியலுக்குப் பக்கத்தில் சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவதுதான் நஞ்சை முன்னே தள்ளுவதில் பெரும்பங்கு வகிக்கிறது என்றும் சொன்னார்கள்.

ஆண்டுக்கு 10 மீட்டர் என்றால் நாளொன்றுக்கு மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும். இந்த மெதுவான நடைதான் எல்லாரையும் தப்பிக்க விடுகிறது. இன்று குவித்தால் 200 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்கு அது போய்ச் சேர 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் முதலாளி ஆலையை மூடியிருப்பார். அனுமதி தந்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார். கிணற்றுக்காரர் மட்டும் அதே இடத்தில் இருப்பார். நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது அல்லவா?

இதே ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று, தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. ஒரே இரவில் நடந்தால் அது விபத்து, செய்தி, விசாரணை. கழிவு 30 ஆண்டுகளாக ஊறி இறங்கினால் அதற்குப் பெயரே கிடையாது.

உடம்பு சொல்லும் சாட்சி

குரோமியம்-6 மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியிருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். குரோமிய ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுவதும், கை கால்களில் ஆறாத குழிப்புண் வருவதும் நூறாண்டுக்கும் மேலாக மருத்துவத்துக்குத் தெரிந்தவை. குடிநீரில் கலந்து கொடுத்தபோது எலிகளுக்கு வாயிலும், சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்ததை அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் பதிவு செய்திருக்கிறது.

ஆனால் கிராமத்து ஆஸ்பத்திரிச் சீட்டில் யாரும் 'குரோமியம்' என்று எழுதப்போவதில்லை. அரிப்பு, தேமல், வயிற்றுவலி என்றுதான் எழுதுவார்கள். சேற்றில் நின்று நாற்று நட்டதால் வந்த புண்ணா, தண்ணீரால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அங்கே வசதியில்லை. ஆண்டுகள் கழித்து வரும் புற்றுநோய்க்கும் என்றோ குடித்த தண்ணீருக்கும் முடிச்சுப் போட யாரால் முடியும்? நீதிமன்றம் சாட்சி கேட்கும். சாட்சி குடித்தவர் உடம்புக்குள்தான் இருக்கிறது.

நகரத்தில் குழாய்த் தண்ணீர் கெட்டால் நகராட்சியைக் கேட்கலாம். கிராமத்தில் சொந்தக் கிணறும் சொந்த போரும் யார் கணக்கிலும் இல்லை. வழக்கமாகச் சோதித்துப் பார்க்கும் கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை. காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வேலூர்ப் பக்கம் வந்தது பெரிய ஆறுதல்தான். ஆனால் வீட்டுக் குழாயில் வருவது குடிக்க மட்டும்தான் காணும். குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட, வயலுக்குப் பாய்ச்ச அதே பழைய கிணறுதான். வசதியுள்ளவர் கேன் தண்ணீருக்கு மாறிவிடுவார். கூலிக்குப் போகிறவர் வாரக்கூலியில் எத்தனை கேன் வாங்குவார்?

சட்டத்தின் நடை

வேலூர் மக்கள் சும்மா இருக்கவில்லை. டேனரிக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுப்பதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்குத் தகுதியிழந்துவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

அதன்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்று கணக்கெடுத்து, சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. கிணறும் நிலமும் போனதற்கு இந்தத் தொகை. அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, விடுபட்டவர்களுக்கு 6 வாரத்தில் அரசே இழப்பீடு கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது.

1991 முதல் 2025 வரை 34 ஆண்டுகள். அது டேனரிகள் மீதான வழக்கு. ஆண்டுக்கு 10 மீட்டர் என்ற வேகம் குரோமியக் குவியலைச் சுற்றிக் கணக்கிட்டது. இருந்தாலும் அதே பூமி என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கு நடந்த காலத்தில் குவியலடி நீர் 340 மீட்டர் நடந்திருக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் இழப்பீடு கேட்க வேண்டும். 5 ஆண்டில் நஞ்சு 50 மீட்டர்தான் நடக்கும். 200 மீட்டர் தள்ளியிருக்கும் விவசாயிக்குத் தன் கிணறு கெட்டது தெரியவரும்போது, காரணம் எழுந்தது எப்போது என்ற வாதத்திலேயே அவர் மாட்டிக்கொள்வார். நஞ்சின் வேகம் தெரியாதவர்கள் எழுதிய கெடு இது. கிணற்றில் மாசு இருப்பது மக்களுக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் அந்தக் கெடு ஓட வேண்டும்.

மூன்று ஊர்களின் பாடம்

ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குப் பக்கத்தில் பிச்ரி கிராமம். 1980-களின் கடைசியில் அங்கே 'எச் ஆசிட்' என்ற சாய ரசாயனம் தயாரித்தார்கள். உற்பத்தியானது சில நூறு டன்தான். அதற்கு விழுந்த நச்சுச் சேறு சுமார் 2,400 டன். 1989 தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றுவிட்டது. அதற்குள் சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணீரெல்லாம் கறுத்துப்போயிற்று. 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆலைகளே பொறுப்பு என்றது. சீரமைப்புத் தொகை 37.385 கோடி ரூபாய் என்று பிறகு முடிவானது. அதைக் கட்டாமல் மனு மேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்தார்கள். 2011-ல் நீதிமன்றம் கூட்டு வட்டியோடு கட்டச் சொன்னது. சில மாத உற்பத்திக்கு இருபதாண்டு வழக்கு.

போபாலில் யூனியன் கார்பைடு வளாகத்தில் கிடந்த 337 டன் கழிவை 2025-ல்தான் பீதம்பூருக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். விஷவாயு கசிந்து 40 ஆண்டுகள் கழித்து. 337 டன்னுக்கே 40 ஆண்டு என்றால் ஒன்றரை லட்சம் டன்னுக்கு?

மூன்றாவது ஊர் ஹிங்க்லி. கலிபோர்னியாவின் பாலைவனத்தில் ஒரு சின்ன விவசாயக் கிராமம். அங்கேயும் இதே குரோமியம்-6. பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம் குளிரூட்டும் கோபுரங்களில் துருப்பிடிக்காமலிருக்கக் குரோமியத்தைக் கலந்து, 1952 முதல் 1966 வரை அந்தக் கழிவுநீரைத் தடுப்பில்லாத குட்டைகளில் விட்டது. 1987-ல்தான் விஷயம் வெளியே வந்தது. 1996-ல், நம் வேலூர்த் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், 600-க்கும் மேற்பட்ட ஊர்க்காரர்களுக்கு 33.3 கோடி டாலர் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. 'எரின் பிராக்கோவிச்' படத்தின் கதை இதுதான்.

படம் பணத்தோடு முடிந்துவிடும். ஊரின் கதை அதற்குப் பிறகும் தொடர்கிறது. மாசு எதுவரை பரவியிருக்கிறது என்று கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி அளந்து, வரைபடம் போட்டு, பொதுமக்கள் பார்க்க வெளியிடுகிறார்கள். கெட்ட நீரை இறைத்துத் தீவனப் பயிருக்குப் பாய்ச்சுகிறார்கள். வேர்மண்ணில் இருக்கும் கரிமப் பொருளும் நுண்ணுயிரும் குரோமியம்-6 ஐக் குரோமியம்-3 ஆக மாற்றி மண்ணோடு பிடித்து வைக்கின்றன. இன்னும் ஆழத்தில் எத்தனால் செலுத்தி அதே மாற்றத்தை உண்டாக்குகிறார்கள். செலவு நிறுவனத்துடையது, மேற்பார்வை அரசுடையது. அங்கேயும் பலர் வீடு வாசலை விட்டுப் போய்விட்டார்கள். ஊர் பழைய ஊராகத் திரும்பவில்லை. ஆனாலும் நஞ்சு எங்கே நிற்கிறது என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். நமக்கு முதலில் வேண்டியது அந்த வரைபடம்.

என்ன செய்ய வேண்டும்?

அரசு செய்ய வேண்டியதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. குவியல்மேல் மழைநீர் படாமல் மூடுவது முதல் வேலை. மழை படாவிட்டால் அலசல் நிற்கும். ஓரத்தில் ஊறும் மஞ்சள் நீரை வாய்க்காலுக்கு விடாமல் பிடித்துச் சுத்திகரிப்பது அடுத்தது. பிறகு கழிவை அள்ளி, நஞ்சை முறித்து, அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் களிமண் படுகையும் போட்ட பாதுகாப்பான நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அப்படிப்பட்ட இடம் இருக்கிறது. கழிவுக் குவியலைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றையும் போரையும் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்பும் பின்பும் சோதித்து, முடிவைத் தமிழில் ஊராட்சிச் சுவரில் எழுத வேண்டும். எந்தக் கிணறு, எவ்வளவு குரோமியம், குடிக்கலாமா, மாட்டுக்குக் காட்டலாமா என்று நான்கு வரி போதும்.

அதுவரை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை சில. கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக மீதியில் செறிவு கூடவே செய்யும். துணி வடிகட்டியும் சாதாரண ஃபில்டரும் உதவாது. ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும். ஆனால் அது வெளியே தள்ளும் கழிவுநீரைக் கொல்லையில் ஊற்றினால் மறுபடி மண்ணுக்கே போகும். ஆழமாக போர் போட்டால் தப்பிக்கலாம் என்பதையும் நம்ப முடியாது. பாறை வெடிப்பு வழியாக மேல் தண்ணீர் கீழே இறங்க அந்தத் துளையே வழியாகிவிடலாம். கிராமங்களுக்குத் தரும் சிறு சோதனைப் பெட்டி உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றைத்தான் பார்க்கும். குரோமியத்துக்கு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி கொடுக்கும்போது 'குரோமியமும் பார்க்க வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் பார்க்காமலே விட்டுவிட வாய்ப்புண்டு.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூடுகிறது. ராணிப்பேட்டை மட்டுமல்ல, கடலூர், மணலி, தூத்துக்குடி என்று ரசாயன ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எந்த ஊராக இருந்தாலும், அடுத்த மார்ச் 22 அன்று ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: 'எங்கள் ஊர்க் கிணறுகள் அனைத்தையும் கன உலோகங்களுக்குச் சோதித்து, முடிவை எங்கள் ஊர்ச் சுவரில் எழுத வேண்டும்.' தீர்மான நகலைக் கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வந்த தாள் ஒவ்வொன்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பிள்ளைகள் காலத்தில் வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி.

கழிவைக் கொட்டியவர் வேறு, அனுமதித்தவர் வேறு, குடிக்கிறவர் வேறு. குடிக்கிறவருக்கு உண்மையைச் சொல்லும் கடமை முதல் இருவருக்கும் இருக்கிறது. அவர்கள் தாமாக வந்து சொல்லாதவரை, கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த வாரமே உங்கள் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.